கூட்டம் சேர்ந்தால் எந்தச் செலவு குறைகிறது?

கேள்வி: ஐயா, நானும் கணவரும் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் சிறிய அளவில் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டி விற்கிறோம். ஒரு லிட்டர் 420 ரூபாய். மாதம் 380 லிட்டர் போகிறது. அதில் 290 லிட்டர் கடையிலேயே விற்றுவிடும். மீதி 90 லிட்டரைக் கோவைக்குக் கூரியரில் அனுப்புகிறோம். லிட்டருக்கு 60 ரூபாய் ஆகும் அந்தச் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். எள்ளும் கருப்பட்டியும், புண்ணாக்கு விற்ற காசு போக, 285 ரூபாய். பாட்டில், மூடி, லேபிள் 20. கரண்டும் ஆள் கூலியும் 35. ஆக லிட்டருக்கு 340 அடக்கம். கடை வாடகை 6,000. ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் ஆட்ட முடியாது.

போன வாரம் ஒரு தள்ளுபடிச் செயலியிலிருந்து ஆள் வந்தார். 40 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் 300 கூப்பன் நிச்சயம் போகுமாம். விற்ற தொகையில் 20 சதவீதம் அவர்களுக்குக் கமிஷன். ‘எம்.ஆர்.பி.யை 600 என்று போட்டுவிடுங்கள், நஷ்டமே தெரியாது’ என்கிறார். இன்னொருவர், பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் விலை தானாகக் குறையும்படியான மென்பொருளை ஆண்டுக்கு 18,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். என் நாத்தனார் அழகு நிலையம் வைத்திருக்கிறார். அவர் இப்படி ஒரு செயலியில் சலுகை போட்டு நல்ல கூட்டம் வந்தது. எங்களுக்கு எது சரிப்படும்? செலவு குறைவாக வேறு வழி இருக்கிறதா?

– ஒரு வாசகி, பொள்ளாச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அடக்க விலையை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. என்னிடம் வருகிற பத்துக் கடைக்காரர்களில் இரண்டு பேர்கூட இப்படி எழுதி வைத்திருப்பதில்லை. உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. நான் கூட்டிக் கழித்துக் காட்டுகிறேன்.

செயலிக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். 420 ரூபாயில் 40 சதவீதம் போனால் 252. அதில் 20 சதவீதக் கமிஷன் 50 ரூபாய் 40 காசு. அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, இன்னொரு 9 ரூபாய். உங்கள் கைக்கு வருவது சுமார் 192 ரூபாய் 50 காசு. அடக்கமோ 340. ஒவ்வொரு லிட்டரிலும் 147 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகிறது. அவர் சொன்ன 300 கூப்பனும் போய்விட்டால் 44,000 ரூபாயைத் தாண்டுகிறது. இப்போது உங்கள் குடும்பத்துக்கு இந்தச் செக்கிலிருந்து மாதம் என்ன மிஞ்சுகிறது? கடை விற்பனையில் 290 லிட்டருக்கு 80 ரூபாய் வீதம் 23,200. கூரியரில் 90 லிட்டருக்கு 20 ரூபாய் வீதம் 1,800. வாடகை போக 19,000. ஒரே ஒரு சலுகைக்காக இரண்டு மாதத்துக்கு மேலான வருமானத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறார்.

எம்.ஆர்.பி.யை 600 ஆக்கச் சொன்னது எனக்கு வருத்தம் தந்தது. அப்படிச் செய்தாலும் கணக்கு நேராகவில்லை. 600-இல் 40 சதவீதம் போக 360, கமிஷனும் வரியும் போக 275. அப்போதும் லிட்டருக்கு 65 ரூபாய் நஷ்டம்தான். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. நீங்கள் ஒருநாளும் 600 ரூபாய்க்கு விற்றதில்லை. விற்காத விலையை வழக்கமான விலை போலக் காட்டி அதில் தள்ளுபடி தருவதாகச் சொல்வது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பொள்ளாச்சியில் பல வருடமாக உங்களிடம் வாங்குகிற ஒருவர் அந்த லேபிளைப் பார்த்துவிட்டு என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். செக்கு எண்ணெய் வியாபாரமே நம்பிக்கையில் ஓடுவது. பாட்டிலுக்குள் இருப்பது கலப்படமில்லாத எண்ணெய் என்று உங்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்கள். விலையில் பொய் சொன்னவரின் எண்ணெயை யார் நம்புவார்கள்?

அந்த ஆளோடு விவாதிக்க வேண்டாம். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் நாத்தனாருக்கு இது பலித்ததே, அது எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழகு நிலையத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் நாற்காலி காலியாகக் கிடக்கும். வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் பாதி விலைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தாலும், கூடுதலாக ஆகும் செலவு கொஞ்சம் கிரீமும் தண்ணீரும்தான். மீதி வரவு. அந்த மதியம் போனால் போனதுதான், எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது. உங்கள் எண்ணெய் அப்படியல்லவே. இன்று விற்காத லிட்டர் நாளைக்கு அதே 420-க்கு விற்கும். ஒவ்வொரு கூடுதல் லிட்டருக்கும் 340 ரூபாய் ரொக்கமாக முன்கூட்டியே செலவாகிறது. நாத்தனாருக்கு மருந்தாக இருந்தது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்த வகை வியாபாரத்தைத் தொடங்கிவைத்தது அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2008 நவம்பரில் பிறந்த குரூப்பான் நிறுவனம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆள் சேர்ந்தால் மட்டுமே சலுகை செல்லும் என்பது அதன் தொடக்க கால விதி. கூப்பன் விலையில் ஏறக்குறையப் பாதியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தொலாக்கியா 2010-இல் அதில் சலுகை கொடுத்த 150 வணிகங்களை விசாரித்து எழுதினார். 66 சதவீதம் பேர் லாபம் என்றார்கள், 32 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். 40 சதவீதத்துக்கும் அதிகமானோர் இன்னொரு முறை இதில் இறங்க மாட்டோம் என்றார்கள். அழகு நிலையங்கள் நன்றாகச் செய்தன, உணவகங்கள் அடிவாங்கின. அந்த ஆய்வில் என் மனதில் நின்றது வேறொன்று. சலுகை பலித்ததா இல்லையா என்பதில், கடையில் வேலை செய்பவர்களுக்கு அது பிடித்திருந்ததா என்பது பெரிய பங்கு வகித்திருக்கிறது. கூட்டத்தின் நடுவே நிற்பவர்கள் அவர்கள்தானே.

இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துச் சம்பவம் 2011-இல் பத்திரிகைகளில் வந்தது. ஒரு சிறிய கேக் கடைக்காரர் ஒரு டஜன் கப்கேக்கை 75 சதவீதம் தள்ளுபடியில் கொடுப்பதாக அறிவித்தார். எத்தனை பேர் என்று எல்லை போடவில்லை. 8,500 பேர் பணம் கட்டிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கேக் சுட வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து கூலிக்கு ஆள் வைத்து, ஒவ்வொரு டஜனிலும் நஷ்டப்பட்டு, அந்த வருட லாபம் முழுவதையும் இழந்தார். ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எந்தச் சலுகை அறிவித்தாலும் அந்த எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சம்பவம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 2013 செப்டம்பரில் வெங்காய விலை ஏறிக் கிடந்தபோது, குரூப்பானின் இந்தியக் கிளை கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் தந்தது. வந்த கூட்டத்தில் இணையதளமே முடங்கியது. ஊரெல்லாம் பேச்சு. அந்த நஷ்டத்தை ஏற்றது யார்? நிறுவனம். புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் யாருக்குச் சொந்தம்? நிறுவனத்துக்கு. அது அவர்களுக்கு விளம்பரச் செலவு, கட்டுபடியாகும். உங்களிடம் வந்திருக்கிற ஏற்பாட்டில் நஷ்டம் உங்களுடையது, வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் செயலியுடையது. அடுத்த மாதம் அதே ஆட்களுக்கு இன்னொரு செக்குக்காரரின் கூப்பனை அனுப்புவார்கள்.

‘40 சதவீதம் வேண்டாம், எல்லோருக்கும் 10 சதவீதம் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா?’ என்று தோன்றும். ஆடி மாதம் பக்கத்துத் துணிக்கடையில் பலகை தொங்குவதைப் பார்க்கிறோம், கை துறுதுறுக்கும். 10 சதவீதம் என்றால் 42 ரூபாய். உங்கள் 80 ரூபாய் 38 ஆகிவிடும். இப்போது கடையில் 290 லிட்டர் விற்றுக் கிடைக்கிற அதே பணத்துக்கு 610 லிட்டர் விற்க வேண்டும். கூரியர் 90-ஐயும் சேர்த்தால் 700. மாதம் 25 நாள் முழு மூச்சாக ஆட்டினாலும் உங்கள் செக்கில் 625 லிட்டர்தான் வரும். பத்து சதவீதம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. உங்கள் செக்கு அதைத் தாங்காது.

அப்படியானால் குழுவாக வாங்குவதே தவறா என்றால், இல்லை. அதில்தான் உங்களுக்கு வழி இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் ஊர்களில் ஆடு கூறு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வீடு வீடாகக் கேட்டுப் பெயர் எழுதிக்கொள்வார். இருபது கூறுக்கு ஆள் சேர்ந்ததும் ஆட்டை அறுப்பார்கள். கடையைவிடக் கறி மலிவாகக் கிடைக்கும். யாரும் யாருக்கும் தள்ளுபடி கொடுப்பதில்லை. கடை வாடகை இல்லை, மிச்சம் விழுவதில்லை, எத்தனை கிலோ போகும் என்று முன்பே தெரியும். குறைந்த செலவுதான் குறைந்த விலையாக வருகிறது. சீனாவில் 2015-இல் காலின் ஹுவாங் தொடங்கிய பின்துவோதுவோ என்ற இணையச் சந்தை பழங்களையும் காய்கறிகளையும் இப்படித்தான் விற்று வளர்ந்தது. தனியாக வாங்கினால் ஒரு விலை, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வாங்கினால் குறைந்த விலை. மொத்தமாகப் போவதால் இடைத்தரகும் போக்குவரத்தும் குறைந்தது, அதில் ஒரு பங்கு வாங்குகிறவருக்குப் போனது.

ஆகவே மென்பொருளைத் தேடுமுன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நாற்பது பேர் சேர்ந்து வாங்கினால் என்னுடைய எந்தச் செலவு குறைகிறது? எள் விலை குறையாது, உங்கள் அளவுக்கு வியாபாரி ஒன்றிரண்டு ரூபாய் இறக்கினாலே பெரிது. ஆள் கூலி குறையாது. குறைவது ஒன்றே ஒன்று, கோவைக்குப் போகிற கூரியர் செலவு.

அந்த 90 லிட்டரைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பாட்டிலைச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, முகவரி ஒட்டி, கூரியர் அலுவலகத்துக்கு அலைந்து, வழியில் கசிந்தால் மறுபடி அனுப்பி, மாதக் கடைசியில் மிஞ்சுவது 1,800 ரூபாய். கடைக்கே வந்து வாங்குகிறவரும் 420 தருகிறார், கோவையில் வாசலுக்கு வரவழைத்துக்கொள்கிறவரும் 420 தருகிறார். இது கடைக்கு வருகிறவருக்கு நியாயமில்லை. இன்னொருவரின் கூரியர் செலவை நீங்கள் தாங்குவதற்கு அவர் தருகிற 80 ரூபாய்தான் துணை நிற்கிறது.

எனவே முதல் மாற்றம் விலைப்பட்டியலில். எண்ணெய் 420, கூரியர் 60 தனி என்று அடுத்த மாதத்திலிருந்து பிரித்துப் போடுங்கள். கோவை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், நான்கைந்து பேர் போகக்கூடும். அவர்கள் போவதால் லிட்டருக்கு 20 ரூபாய்தான் குறையும், அலைச்சலும் சேர்ந்து குறையும். அதே செய்தியிலேயே இதையும் சொல்லுங்கள்: ‘உங்கள் குடியிருப்பில் 40 லிட்டர் சேர்ந்தால் நாங்களே கொண்டுவந்து தருகிறோம், கூரியர் கட்டணம் கிடையாது.’ அதாவது கடை விலையிலேயே வாசலில். தள்ளுபடி என்ற சொல்லையே எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாங்குகிறவருக்கு 480 ரூபாய்ப் பொருள் 420-க்கு வருகிறது.

உங்கள் பக்கம் கணக்கு இது. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு நாற்பது சொச்சம் கிலோமீட்டர். தெரிந்தவரின் ஆம்னி வேன் போய்வர 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் விசாரித்துச் சரியான தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். 40 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 30 ரூபாய். அந்தக் குடியிருப்பில் பெயர் சேர்த்துத் தருகிற ஒருவர் வேண்டும், அவருக்கு ஒரு லிட்டர் இலவசம் கொடுங்கள். அது 340 ரூபாய், நாற்பதால் வகுத்தால் எட்டரை ரூபாய். 420-இல் 340, 30, எட்டரை போக உங்களுக்கு 41 ரூபாய் 50 காசு. கூரியரில் கிடைத்த 20-ஐப் போல இரண்டு மடங்கு. 60 லிட்டர் சேர்ந்தால் வண்டிச் செலவு லிட்டருக்கு 20 ஆகிவிடும், இலவச லிட்டர் ஆறு ரூபாய்க்குள் வரும். அப்போது 410-க்குக் கொடுத்தாலும் உங்களுக்கு 44 ரூபாய் நிற்கும். அவர்களுக்கும் விலை குறைகிறது, உங்களுக்கும் கூடுகிறது. நான் நம்புகிற தள்ளுபடி இந்த வகை மட்டும்தான்.

பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகள் இரண்டை ஒரே நாளில் முடித்தால் இன்னும் நல்லது. ஆனால் முதல் இரண்டு மாதம் அதற்குப் போகாதீர்கள். 40 லிட்டர் ஆட்ட இரண்டு நாள், வெயிலில் வைத்துத் தெளிய விட மேலும் சில நாள். கடைக்கு வருகிறவருக்கும் எண்ணெய் இருக்க வேண்டும். ஞாயிறு முதல் புதன் வரை பெயர் சேர்ப்பு, அடுத்த வார ஞாயிறு காலை வண்டி என்று வைத்துக்கொண்டால் மூச்சு விட நேரம் இருக்கும்.

இதை நடத்த என்னென்ன கருவி வேண்டும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். இப்போது சாதாரண வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்கிறீர்கள் என்றால் அதே எண்ணை இதற்கு மாற்றிக்கொள்ளலாம். கேட்டலாக் பகுதியில் ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று படமும் விலையும் போட்டுவிடுங்கள். லேபிள் வசதியைக் கொண்டு ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அவரவர் குடியிருப்பின் பெயரில் குறித்து வையுங்கள், யார் எங்கே என்பது ஒரு தட்டலில் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரே நேரத்தில் 256 பேர் வரை செய்தி அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பாட்டில் லேபிளிலும் ‘இந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்’ என்று ஒரு வரி அச்சடியுங்கள். குழு ஒன்றைத் தொடங்கி எல்லோரையும் அதில் போட்டுவிடாதீர்கள். ஒருவரின் எண் முன்பின் தெரியாத நூறு பேருக்குப் போவது யாருக்கும் பிடிக்காது. குடியிருப்பின் சொந்தக் குழுவில் அங்கே இருக்கிற உங்கள் ஆள் செய்தியைப் போடட்டும், நீங்கள் வெளியிலேயே இருங்கள்.

பெயர் சேர்க்க கூகுள் ஃபார்ம் போதும். பெயர், வீட்டு எண், எத்தனை லிட்டர், கைபேசி எண் என்று நான்கே கேள்வி. விடைகள் தானாகவே ஒரு கூகுள் ஷீட்டில் வரிசையாக விழும். அதே ஷீட்டில் இன்னொரு பக்கத்தில் கூட்டல் போட்டு வைத்தால் இன்றுவரை 31 லிட்டர் சேர்ந்திருக்கிறது என்பது எந்நேரமும் தெரியும். அந்த எண்ணைத் தினமும் மாலை குழுவில் போடச் சொல்லுங்கள். ‘இன்னும் 9 லிட்டர் தேவை’ என்கிற செய்திதான் பக்கத்து வீட்டுக்காரரையும் இழுத்து வரும். 18,000 ரூபாய் மென்பொருள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள், அந்த எண் உண்மையாக இருக்க வேண்டும். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. அது பெரிய இணையதளங்களுக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் சேர்த்துத்தான்.

பணம் வாங்குவதில் தவறு நடக்கும் இடம் தெரியுமா? ஆள் சேருமுன்பே பணம் வாங்கிவிடுவது. 22 லிட்டரோடு நின்றுவிட்டால் இருபது பேருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மறந்தால் போதும், அந்தக் குடியிருப்பு கை நழுவிவிடும். பெயர் மட்டும் முதலில். 40 ஆனதும் ‘வியாழன் இரவுக்குள் யுபிஐயில் அனுப்பிவிடுங்கள்’ என்று தெரிவியுங்கள். பெயர் கொடுத்தவர்களில் சிலர் விலகத்தான் செய்வார்கள், அதனால் 44, 45 லிட்டர் வரை பெயர் சேர விட்டு நிறுத்துங்கள். பணம் வந்த பிறகு எள்ளைச் செக்கில் போடுங்கள். 2020 ஜனவரி முதல் யுபிஐயில் சாதாரண வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. 16,800 ரூபாயும் முழுதாக வந்து சேரும். பணம் செலுத்தும் இணைப்புகளை அனுப்பித் தருகிற நிறுவனங்கள் பொதுவாக 2 சதவீத அளவில் கட்டணமும் அதன்மேல் வரியும் எடுப்பார்கள். இந்த அளவு வியாபாரத்துக்கு அது தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கில் விழுந்ததா என்று பார்த்துவிட்டு ஷீட்டில் டிக் செய்யுங்கள்.

கூகுளில் உங்கள் கடைக்கு வணிகப் பக்கம் திறப்பதும் இலவசம்தான். வரைபடத்தில் கடை தெரியும், படங்களும் சலுகை அறிவிப்பும் தேதியோடு போடலாம். பொள்ளாச்சிப் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று தேடினால் உங்கள் கடையும் கண்ணில் பட வேண்டும் அல்லவா? ஒரு மதிய நேர வேலை, செய்துவிடுங்கள். சொந்த இணையதளத்துக்கு இப்போது அவசரமில்லை. பின்னால் தொடங்கும்போது, இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் வூகாமர்ஸ் என்ற இலவசத் துணை மென்பொருளைச் சேர்த்தால் கூப்பன் வசதி அதற்குள்ளேயே வருகிறது. குறைந்தபட்சம் எவ்வளவு வாங்க வேண்டும், மொத்தம் எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை என்ற மூன்று எல்லைகளையும் அதில் போடலாம். அந்தக் கேக் கடைக்காரர் போடத் தவறியது அந்த நடு எல்லையைத்தான்.

18,000 ரூபாய் மென்பொருளை எப்போது வாங்கலாம்? குழுவாகப் போகிற ஒவ்வொரு லிட்டரிலும் 41 ரூபாய் 50 காசு வருகிறது என்றோம். அந்த மென்பொருளின் விலையை எடுக்கவே 434 லிட்டர் போக வேண்டும், அதாவது ஏறக்குறையப் பதினொரு வண்டி. மாதம் ஐந்தாறு வண்டி போய், ஷீட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிற காலம் வந்தால் அப்போது யோசிக்கலாம். அன்றைக்கும் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதக் கட்டணத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்து லிட்டர் கேன் ஒன்றையும் அறிமுகப்படுத்தச் சொல்வேன், இது கடைக்கு வருகிறவர்களுக்காகவும்தான். ஐந்து பாட்டிலுக்கு 100 ரூபாய் ஆகிறது. கேனும் லேபிளும் 55-க்குள் கிடைத்தால் 45 மிச்சம். அதில் 30 ரூபாயைக் குறைத்து 2,070 என்று விலை வையுங்கள். இதுவும் செலவு குறைந்ததால் குறைந்த விலைதான். சிலர் தூக்குப் பாத்திரத்தைக் கொண்டுவந்து ஊற்றிக் கேட்பார்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக, பொதியிடாமல் விற்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் பொதுவாகத் தடை இருக்கிறது. மனம் வருந்தினாலும் மறுத்துவிடுங்கள்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இப்படி வருகிற ஆட்கள் அதைச் சொல்லிப் பயமுறுத்துவது உண்டு. உங்கள் எண்ணெய் விற்பனை ஆண்டுக்கு 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு 40 லட்சம். நீங்கள் நேரடியாக, தமிழ்நாட்டுக்குள் விற்கிறவரை இந்தக் குழு விற்பனையால் அதில் எந்த மாற்றமும் இல்லை. நாளை ஏதாவது ஒரு இணையச் சந்தையில் சேர விரும்பினாலும், 2023 அக்டோபர் 1 முதல் பதிவு இல்லாத சிறு வியாபாரிகள் தங்கள் மாநிலத்துக்குள் விற்க அனுமதி உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் சேர்க்கை எண் ஒன்று வாங்கினால் போதும். கேரளாவுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அந்தச் சலுகை பொருந்தாது. பொள்ளாச்சியில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன், எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

என்னிடம் கணக்குப் பார்க்க வந்த ஓர் உணவகக்காரரை உங்கள் கடிதம் நினைவுபடுத்தியது. கூப்பன் விற்ற மூன்று மாதமும் கடை நிறைந்து வழிந்தது. இடம் கிடைக்காமல் திரும்பிப் போன பழைய வாடிக்கையாளர்களை அவர் கவனிக்கவில்லை. கூப்பன் முடிந்ததும் புதியவர்களும் போய்விட்டார்கள். கடைசியில் தன் மனைவியின் வளையலை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தேன் என்று என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். அந்தக் கூட்டம் வந்த நாட்களில் அவர் என்னிடம் வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடுமுன் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்கு நிம்மதி.

இனி இந்த வாரத்து வேலை. கோவைக்குப் போகிற 90 லிட்டரின் முகவரிகளை எடுத்து, எந்தக் குடியிருப்பில் அதிகம் பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரே இடத்தில் ஏழெட்டு வீடு இருந்தால் அதுதான் முதல் வண்டி. அந்த வீடுகளில் நீண்ட நாளாக வாங்குகிற ஒருவரிடம் செய்தி அனுப்பாமல் நேரில் பேசுங்கள். அடுத்த முறை கூரியருக்குப் பதிலாக நீங்களே ஒரு பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்து, நாற்பது லிட்டர் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். முதல் வண்டி போய் வந்ததும், வண்டிச் செலவு உண்மையில் எவ்வளவு ஆயிற்று, பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்து 40 என்ற அளவு சரியா, 50 ஆக்க வேண்டுமா என்று சேர்ந்து பார்ப்போம்.